சொந்த வீடு வரும் வரையில்

திருவனந்தபுரத்திற்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு முதல் விலாசம் சாலைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ், கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளியாற்றை நோக்கி இக்கடைத்தெருவை வகுத்தார். கிள்ளியாற்றிற்கும் கரமனையாற்றிற்கும் பாலங்கள் அமைத்து, தெற்கேயிருந்து வரும் சரக்கு வண்டிகளுக்கு வழியும் செய்தார். சரக்கைத் தொடர்ந்து வணிகர்களும், வணிகர்களைத் தொடர்ந்து கணக்குப்பிள்ளைகளும், பொற்கொல்லர்களும், சுமை தூக்குவோரும் வந்து சேர்ந்தனர். 1931-ஆம் ஆண்டு தம்பானூருக்கு ரயில் வந்தது. 1979-ஆம் ஆண்டு நாகர்கோவில் பாதையும் திறக்கப்பெற்றது. இத்தனை வழிகள் ஏற்பட்ட பின்னரும், வந்தவர்களில் அநேகர் குடியிருப்பது இன்றைக்கும் வாடகை வீட்டிலேயே.

கடைக்குப் பின்புறம் ஓர் அறை. மாடியில் இரண்டு அறை. ஆரியசாலைப் பக்கத்துச் சந்தில் ஓட்டு வீட்டின் ஒரு பகுதி. இவ்வித வீடுகளுள் நுழைந்து பார்த்தால் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. சுவரில் நாட்காட்டி ஒன்று. மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள். கட்டிலுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டிய தகரப் பெட்டிகள். "ஏன் அம்மா, இந்தச் சுவருக்கு ஒரு கை வெள்ளை அடிக்கலாகாதா?" என்று கேட்டால், "எல்லாம் சொந்த வீடு வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பதே விடை. அவ்விடையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பிறர் சுவரில் நம் காசை ஏன் பூச வேண்டும்? எனினும் அந்தப் "பிறகு" வருவதற்குப் பத்து ஆண்டும் ஆகலாம், இருபது ஆண்டும் ஆகலாம் என்பதை நாம் நினைப்பதில்லை.

நாம் குடியிருக்கும் சந்தில் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருக்கிறார். மணமாகி வந்தபோது பிறந்த வீட்டார் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைச் சொந்த வீட்டுப் பால்காய்ச்சுக்கென்று பெட்டியிலேயே பொதிந்து வைத்திருந்தார். வாடகை வீட்டிற்குச் சிறிய காமாட்சி விளக்கே போதும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "தம்பி, முப்பத்திரண்டு வருஷம் அந்த வெளக்கு பெட்டியிலேயே கெடந்துது. அவுஹ போன அன்னைக்குத்தான், தலைமாட்டுல வைக்க வேற வெளக்கு இல்லேன்னு மொத மொதலா வெளியே எடுத்தேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் மீண்டும் கீரை ஆயத் தொடங்கிவிட்டார். நமக்குத்தான் அங்கே நிற்க இயலவில்லை. அன்று மாலையே நம் வீட்டுப் பெட்டிகளில் இரண்டைத் திறந்தோம்.

இதற்கு நேர் மாறான குடும்பங்களும் உண்டு. அதே தெருவில் நமக்குத் தெரிந்த ஒருவர், மகள் பள்ளித் தோழிகளை வீட்டிற்கு அழைக்க வெட்கப்படுகிறாள் என்பதற்காகத் தவணை முறையில் சோபா, கண்ணாடி மேஜை, சுவரலமாரி எல்லாம் வாங்கினார். தவணை கட்டியதில் சீட்டுப் பணம் கட்ட முடியாமற் போயிற்று, சீட்டு தவக்கப்பட்டது. மகளின் வெட்கம் நியாயமானதே. தகப்பனாரின் பாசமும் நியாயமானதே. சோபாவோ ஈரறை வீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டை அழகு செய்தல் என்றால் கடையில் சாமான் வாங்குதல் என்று பொருள்பட்டுப் போனதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

சீட்டைப் பற்றிச் சொன்னோம். புதிதாக வந்திருக்கும் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை கூறிவிட்டு மேலே செல்வோம். இங்கு "சிட்டி" என்று வழங்குவது நம் ஊர் ஏலச் சீட்டே. கேரள அரசின் நிறுவனமாகிய கே.எஸ்.எஃப்.இ. 1969-ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகிறது. மாதம் 2,000 ரூபாய் வீதம் 50 பேர் 50 மாதம் கட்டினால் சீட்டுத் தொகை ஒரு லட்சம். அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். அவர் தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் போக மீதி எல்லார்க்கும் பங்காகிறது. அதனையே இங்குள்ளவர்கள் "வீதப்பலிசை" என்பர். பொறுத்திருப்பவருக்கு ஆதாயம், இடையில் நிற்பவருக்கு நஷ்டம். பதிவு பெறாத தனியார் சீட்டில் சேர்ந்து முதலையே இழந்தவர்களின் கதை சாலையில் புதிதன்று. ஆகையால் பதிவைப் பார்த்துச் சேர்க. மத்திய அரசு ஊழியர்களாயின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம், அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவரையில் வீடு கட்ட முன்பணம் பெற இடமுண்டு. இவையெல்லாம் பெரிய விஷயங்கள். இங்கே நாம் சொல்ல வந்தது சிறிய விஷயம்.

சீட்டுப் பணத்தில் கை வைக்காமல், குடியிருக்கும் வீட்டை மனிதர் வாழும் வீடாகச் செய்துகொள்ள முடியுமா? முடியும். நாம் கைக்கொண்ட விதி ஒன்றே. செய்யும் பொருள், கழற்றி எடுத்துச் செல்லத் தக்கதாக இருக்கவேண்டும். இல்லையேல் விட்டுச் செல்லும்போது மனம் நோகாத அளவுக்கு மலிவானதாக இருக்கவேண்டும்.

முதலில் சுவர். சாலையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் சுண்ணாம்புப் பூச்சே இருக்கிறது. இவ்வூரில் இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கினால், துலாமழை நவம்பர் வரைக்கும் ஈரத்தைக் காயவிடுவதில்லை. இத்தகைய சுவருக்கு விலையுயர்ந்த பெயிண்டைப் பூசினால் உள்ளே நின்ற ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சுண்ணாம்போ சுவரைச் சுவாசிக்க விடும். பூஞ்சைக்கும் அது பகை. செலவும் மிகக் குறைவு. வீட்டுக்காரரின் சம்மதத்தை மட்டும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். தம் சுவரை நாம் வெளுத்துத் தருவதாகச் சொன்னால் மறுப்பவர் அரிது.

சிப்பிச் சுண்ணாம்பு நன்று. நீற்றாத சுண்ணாம்பாயின் நீரில் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைப் போடவேண்டுமே அன்றி, சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றலாகாது; கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டே இதனைச் செய்தல் வேண்டும். அலுமினியப் பாத்திரம் உதவாது. சுண்ணாம்பு அதனை அரித்துவிடும். ஒருநாள் முழுதும் ஊறவைத்து, பழந்துணியில் வடிகட்டி, மோர் பதத்திற்குக் கரைத்து, சிறிது கஞ்சியும், விரல் நுனியளவு நீலமும் சேர்த்துக்கொள்க. சுவரைத் தூசு போகத் தேய்த்து, நீர் தெளித்து நனைத்த பிறகே மட்டையை எடுக்கவேண்டும். பூசும்போது ஒன்றுமே தெரியாது. சுவர் நனைந்தாற்போல் மட்டும் இருக்கும். "போதவில்லை" என்று கனமாகப் பூசிவிட்டால் பின்னால் பொருக்காக உதிரும். மெல்லியதாய் ஒரு கை. காய்ந்தபின் குறுக்கே இன்னொரு கை. காற்றுப்பட்டு உலர உலரத்தான் வெண்மை ஏறும். மறுநாட்காலை எழுந்து பார்க்கும்போது, அறையே ஒரு முழம் அகன்றுவிட்டதோ என்று தோன்றும்.

முன்பே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அத்தகைய சுவரைச் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுவதே மேல். சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்திற்குக் காவிப்பட்டை அடித்தால் குழந்தைகளின் கால் அழுக்குத் தெரியாது. கோயில் மதிலைக் கண்டு வளர்ந்த நம் கண்ணுக்கு வெள்ளையும் காவியும் புதிதாகவா தோன்றும்?

அடுத்தது திரை. பாலராமபுரம் இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பஸ் பயணத்திற்குள் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை அரசாண்ட பாலராமவர்ம மகாராஜா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன. கேரளத்தின் பெருமை என்று இன்று உலகமே மெச்சும் கசவு வேட்டியும் நேரியதும் அவ்வாறு குடியேறியவர்களின் குழித்தறியிலிருந்து வந்தவையே. நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள், வந்த ஊருக்கே உடை கொடுத்தார்கள்! அவ்வேட்டிகள் பழையன ஆனாலும் எளிதில் இற்றுப்போவதில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றை நடுவில் இரண்டாக்கினால், ஏறத்தாழ ஆறடி நீளத்தில் இரு துண்டுகள் கிடைக்கும். மேல் விளிம்பை இரண்டு விரற்கடை மடித்துத் தைத்து, அதனூடே சுருள் கம்பியைக் கோத்தால், அறைவாசலுக்கு அதுவே திரை. கீழே அரையடி இடைவெளி இருக்கும், இருக்கட்டும். இவ்வூர்ப் புழுக்கத்தில் அவ்வழியே காற்று வரவேண்டும். கரை, திரையின் ஓரத்தில் நெடுகத் தெரியும்படி தொங்கவிட்டால் பார்வைக்கு அழகு. கஞ்சி போட்ட வெள்ளைத் துணியூடே காலை வெயில் வருவதைப் பார்த்தவர்கள் கடையில் விற்கும் பூப்போட்ட திரையை மீண்டும் விரும்புவார்களென்று நாம் நினைக்கவில்லை.

ஓரறை வீடுகளில் திரையைக் காட்டிலும் தட்டியே அவசியம். பரீட்சைக்குப் படிக்கும் பையனும், இரவு கடை கட்டிவிட்டு வந்து உண்ணும் தகப்பனாரும், தூங்கும் கைக்குழந்தையும் ஒரே விளக்கின் கீழ் இருப்பதால் வரும் சச்சரவுகள் எத்தனை! நான்கு மூங்கில் கழிகளால் சட்டம் கட்டி, அதில் கோரைப்பாயையோ தாழம்பாயையோ கயிற்றால் இழுத்துக் கட்டினால் ஒரு தட்டி. அதுபோல் இரண்டு செய்து, பக்கவாட்டில் கயிற்றால் பிணைத்தால் விரித்தும் மடக்கியும் வைக்கலாம். பத்தமடைப் பாய் வேண்டியதில்லை. அது நம் மகளின் கல்யாணத்திற்கு இருக்கட்டும். சாதாரணக் கோரைப்பாயே போதும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கவேண்டும். ஈரச் சுவரை மறைப்பதற்காகப் பாயைச் சுவரோடு சேர்த்து அறைவது வேண்டாம். பின்னால் பூஞ்சையும் கரப்பானும் குடியேறும்; குழந்தைகளுக்கு இருமல் வரும்.

பெட்டிகளின் விஷயத்தில் நமக்குச் சற்று அனுபவம் உண்டு. ரயிலில் பார்சல் கணக்கு எழுதுவோர், எந்தச் சரக்கு எந்தப் பெட்டியில் வரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். (ரயில்வே சொத்தாகிய ஆணி ஒன்றையும் வீட்டிற்குக் கொண்டு போகலாகாது, 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கென்றே இருக்கிறது. நாம் சொல்வது கடைக்காரர் கழித்துவிடும் பெட்டிகளைப் பற்றியே.) ஆப்பிள் வரும் மரப்பெட்டிகள் முன்போல் மிகுதியாக இல்லை, அட்டைப் பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் சாலைப் பழக்கடைகளில் சொல்லி வைத்தால் வாரத்திற்கு இரண்டு மூன்றாவது கிடைக்கும். கண்ணாடிச் சாமான்களும் இயந்திரங்களும் வரும் மரச்சட்டங்கள் அதைவிட உறுதியானவை.

பெட்டியிலுள்ள பழைய ஆணிகளை முற்றிலும் பிடுங்கிவிட்டு, திருகாணி கொண்டு மீண்டும் இணைக்கவேண்டும். வீடு மாறும்போது பிரிப்பதற்கு அதுவே சௌகரியம். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பின் மெல்லிய உப்புத்தாள் என்று இருமுறை தேய்த்தால் விரலில் சிலாம்பு ஏறாது. இவ்வூரில் கறையானுக்குப் பயந்து நம் பெரியவர்கள் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். கொல்லத்து முந்திரித் தொழிற்சாலைகள் அருகிலிருப்பதால் அவ்வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அது தோலைப் புண்ணாக்கும் காரமுடையது. வீட்டிற்குள் வைக்கும் பெட்டிக்கு வேப்பெண்ணெய் பூசி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தாலே போதும். அடியில் ஓட்டுத்துண்டு நான்கு வைத்துத் தரையிலிருந்து உயர்த்திவிடுங்கள். மூன்று பெட்டிகளை வாய் முன்புறமாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தக அலமாரி. இரண்டை இடைவெளி விட்டு வைத்து மேலே பலகை போட்டால் எழுதும் மேஜை. நம் வீட்டுச் சிறுவன் அம்மேஜைக்குத் தன் பெயரையே எழுதி ஒட்டிவிட்டான். தனக்கென்று ஓர் இடம் கிடைத்தவுடன் பிள்ளைகள் படிப்பில் காட்டும் சிரத்தையே வேறு.

தேங்காய்ச் சிரட்டையைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடித்தால் நாஞ்சில் நாட்டுத் தாய்மார்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். (சென்னைப் பக்கத்திலிருந்து வந்த அன்பர்கள் இதனைக் கொட்டாங்குச்சி என்பர்.) பத்மநாபபுரம் அரண்மனையின் தரை கண்ணாடி போல் மின்னுவதற்குக் காரணம், சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் கலந்த பூச்சே என்று சொல்வார்கள். அரசர்களுக்கே உதவிய பொருளை நாம் அடுப்பில் எரித்துவிடுகிறோம்! முற்றிய தேங்காயின் சிரட்டையை ஒருநாள் நீரில் ஊறவைத்து, மேலுள்ள நாரைப் பழைய ரம்பத்தகட்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இறுதியில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் அழுத்தித் தேய்த்தால் கருங்காலி போல் பளபளக்கும். பேனா வைக்கலாம், குங்குமம் வைக்கலாம், பிடி பொருத்தினால் அகப்பை. தேங்காயின் மூன்று கண்களுள் ஒன்று மெல்லியது என்பது யாவரும் அறிந்ததே. கண்ணுள்ள பாதியை எடுத்து, அம்மெல்லிய கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் நீர் வடியும் துவாரம் தயார்; மண்ணிட்டுச் செடி நட்டு, கயிற்றுப் பின்னலில் ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிடலாம். மண்ணில் காலூன்ற இடமில்லாத மாடி வீட்டாருக்கு இதுவே தோட்டம். மணி பிளாண்ட்தான் வைக்கவேண்டும் என்பதில்லை; கற்பூரவல்லி வைத்தால் சளிக்கும் ஆகும்.

கிழிந்த புடவைகளைப் பாத்திரக்காரனிடம் போடுவதற்குமுன், நூற்புடவைகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு அங்குல அகலத்தில் நீளவாட்டில் கிழித்து, மூன்று பிரிகளாக ஜடைபோல் பின்னி, அப்பின்னலை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊசியால் இணைத்தால் மிதியடி. பின்னலை இழுத்துத் தைத்தால் கிண்ணம்போல் குழிந்துவிடும். தரையில் பரத்தி வைத்துக்கொண்டே தைக்கவேண்டும். இதைச் செய்யும்போது ஒரு வேடிக்கை நடந்தது. எந்தப் பிரி எந்தத் தீபாவளிப் புடவை என்று நம் இல்லத்தரசி குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்க, மிதியடி முடிவதற்குள் நம் குடும்ப சரித்திரமே முடிந்துவிட்டது. அதனை மிதிக்க இப்போது குழந்தைகள் மறுக்கிறார்கள், சுவரில் மாட்டியிருக்கிறோம்.

படங்களைப் பற்றி நாம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். கிளிமானூரில் பிறந்து இந்நகரத்து அரண்மனையில் ஓவியம் பயின்ற ராஜா ரவிவர்மா, 1894-ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் படங்களைக் கல்லச்சில் அச்சிட்டார். அதுவரை அரண்மனைச் சுவர்களில் இருந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் ஏழையின் சுவருக்கும் வந்தனர். பின்னர் அவ்வழியே நாட்காட்டிகள் வந்தன. இன்று ஒவ்வொரு கடைக்காரரும் கொடுக்கும் நாட்காட்டியைச் சுவர் முழுதும் மாட்டி வைப்பது அலங்காரமாகாது. அது சாலைக் கம்போளத்தின் விளம்பரப் பலகையே. நல்ல படம் ஒன்றைத் தேர்ந்து, அதனை மட்டும் கத்தரித்துக்கொள்ளுங்கள். அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டி வாங்கி, கண்ணாடி, படம், கனத்த அட்டை மூன்றையும் சேர்த்துவைத்து, நான்கு விளிம்பிலும் கறுப்புத் துணி நாடாவைப் பசையால் ஒட்டினால் சட்டமில்லாமலே படம் தயார். அட்டையில் துளையிட்டு முன்பே நூலைக் கோத்துக்கொள்ள மறவாதீர்கள். ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிடில் மேலே காற்றுப்போக்கியின் கம்பியிலிருந்து கயிறு விட்டுத் தொங்கவிடலாம். மெய்யான ரவிவர்மா ஓவியத்தைக் காண விரும்புவோர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீசித்ரா சித்திரசாலைக்கு ஒரு ஞாயிறு சென்று வரட்டும். 1935-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சாலை நம் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரமே.

தெர்மகோலும் பிளாஸ்டிக் பூவும் வண்ணத் தாளும் வேண்டாம் என்பது நம் கருத்து. விளக்குக்கும் மின்கம்பிக்கும் அருகில் அவை தீக்கு விருந்து. நெருக்கியடித்துக் கட்டிய சாலையில் தீவிபத்து என்பது செவிவழிக் கதையன்று, கண்டவர்கள் இருக்கிறோம். தோவாளைப் பூ சாலைக்கு வந்து இறங்கும்போது பிளாஸ்டிக் பூவுக்கு என்ன அவசியம்?

இனி, சேமித்துக்கொண்டிருக்கும் வீட்டைப் பற்றி ஒரு சிறு விஷயம். தம்பானூர் பஸ் நிலையத்தருகே சுருள் சுருளாக மேலேறும் செங்கற் கோபுரம் போன்ற இந்தியன் காபி ஹவுஸை நம்மில் காணாதவர் இலர். தோசை உண்டு காபி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறோம், சுவரைப் பார்ப்பதில்லை. அதனைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாகக் கொண்டு, இந்நகரில் பல்லாண்டு வாழ்ந்து, 2007-இல் இங்கேயே மறைந்தவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினால் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சம் என்றும், அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும் என்றும் கட்டிக் காட்டினார். மேல்தளக் கான்கிரீட்டில் வேலை செய்யாத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். ஜன்னலுக்குப் பதில் செங்கல்லிலேயே துளைகள் விட்டு ஒளியும் காற்றும் வரச்செய்தார். சுவருக்குப் பூச்சே போடாமல் விட்ட இடங்களும் உண்டு. நாலாஞ்சிறையில் தமக்கென்று கட்டிய வீட்டில் பிறர் கழித்த மரத்தையும் கண்ணாடிப் புட்டிகளையும் பயன்படுத்தினார். அவர் வழியில் வேலை செய்யும் காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு 1985 முதல் இயங்கி வருகிறது.

நம்மவர் மூன்று சென்ட் நிலம் வாங்கிவிட்டு, முகப்புத் தூணுக்கும் கிரானைட்டுக்கும் ஆகும் செலவைக் கேட்டு மலைத்து, மீண்டும் ஐந்து ஆண்டு வாடகை வீட்டில் காத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் கதை வேறு. இங்கே சேமித்த பணத்தைக் கொண்டு ஊரில் பெரிய வீடு கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் இங்கே மலையாளப் பள்ளியிலும் கல்லூரியிலும் வேரூன்றிவிட, ஊர் வீடு பூட்டிக் கிடக்கும். கோயில் கொடைக்கு மட்டும் திறந்து ஒட்டடை அடித்துவிட்டு, ஞாயிறு மாலை ரயிலில் திரும்புவார்கள். ஒவ்வொரு வாரமும் பிளாட்பாரத்தில் அவர்களை நாம் காண்கிறோம். வீட்டை எங்கே கட்டுவது என்ற கேள்வியைப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுவது நலம். நம் வீட்டில் பேசினோம். பெரியவள், "கடைசிப் பஸ் வரும் இடமாக இருந்தால் போதும் அப்பா" என்றாள். பாலராமபுரத்திற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நவராத்திரி நெருங்குகிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும்போல் கரமனை வழியாக நகருக்குள் எழுந்தருள்வார்கள். குமாரசுவாமி ஒன்பது நாளும் நம் ஆரியசாலைக் கோயிலிலேயே தங்குவார். ஊரிலிருந்து சுவாமியே வந்து தங்கும் நாட்களில் நம் வீடுகளில் கொலு இல்லாமல் இருக்கலாமா? படி வாங்கக் காசில்லை என்ற காரணம் இனி வேண்டாம். மேலே சொன்ன மரப்பெட்டிகளே படிகள்.

ஒன்றரையடி நீளமுள்ள பெட்டிகள் பன்னிரண்டு இருந்தால், மூன்றடி அகலத்தில் மூன்று படி வரும். சுவரோடு ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டாக மூன்று அடுக்கு, அதற்கு முன் இரண்டு அடுக்கு, அதற்கும் முன் ஓர் அடுக்கு. பெட்டிகளின் வாய் பின்புறம் திரும்பியிருக்கட்டும். பக்கத்துப் பெட்டிகளைக் கயிற்றால் பிணைத்துவிட்டால் குழந்தைகள் இடித்தாலும் சரியாது. மேலே திரையாகத் தொங்கிய வேட்டியையே துவைத்து விரிக்கலாம். கரை படி விளிம்பில் வரும்படி மடித்துவிட்டால் தனி ஜோடனை வேண்டாம். பொம்மைகள் குறைவாக இருந்தால், சிரட்டையில் செய்தவற்றைக் கீழ்ப்படியில் வைக்கலாம். சாலைக் கடைத்தெருவையே அட்டையில் செய்து வைத்த குழந்தைகளும் நம் சந்தில் இருக்கிறார்கள். அரிசி மூட்டையும் வாழைத்தாரும் தள்ளுவண்டியும் உட்பட. ஆச்சியின் குத்துவிளக்கு சென்ற ஆண்டு நம் வீட்டுக் கொலுவுக்கு முன்தான் எரிந்தது. அவரே எண்ணெயும் கொண்டு வந்திருந்தார்.

விஜயதசமி கழிந்து மறுநாள் பொம்மைகளை எடுக்கும்போது, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் பொதிந்து, இடையிடையே உலர்ந்த வேப்பிலையை இட்டு வைத்தால் பூச்சி அணுகாது. பெட்டிகள் பழையபடி புத்தக அலமாரியாகச் சுவரோரம் சென்றுவிடும். பிரிப்பதற்குமுன் ஒவ்வொரு பெட்டியின் உட்புறத்திலும் எந்த அடுக்கு, எந்தப் பக்கம் என்று கரியால் எண் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அடுக்குவதற்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.